ஃபிராங்க்ளினும் அவர் மகனும்

அன்புள்ள தம்பிக்கு,

பிலடெல்பியாவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கல்லறைக்குப் போகப் போவதாக எழுதியிருந்தாய். போய்ப் பார், எல்லாரும் போல ஒரு காசும் போட்டுவிட்டு வா. ஆனால் அங்கே நிற்கும்போது அவர் மகன் வில்லியமையும் கொஞ்சம் நினைத்துக்கொள்.

1752-ல் மின்னலைச் சோதிக்க ஃபிராங்க்ளின் பட்டம் விட்டாரே, அப்போது கூட நின்றவன் இந்த வில்லியம்தான். 1771-ல் அவர் தன் வாழ்க்கைக் கதையை எழுதத் தொடங்கியதே இவனுக்கு எழுதும் கடிதமாகத்தான். அவ்வளவு பாசம். மகன் நியூ ஜெர்சிக்கு இங்கிலாந்து மன்னரின் ஆளுநராகவும் ஆனான். அப்புறம் அந்த மன்னரை எதிர்த்து அமெரிக்கப் புரட்சி வந்தது. அப்பா சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார், மகனோ மன்னர் பக்கமே நின்று 1776 ஜூனில் கைதானான். மறு வருஷம் நியூயார்க்கில் அவன் மனைவி எலிசபெத் சாகக் கிடந்தபோது, ஒரு முறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று சிறையிலிருந்து புரட்சிப் படைத் தளபதி ஜார்ஜ் வாஷிங்டனுக்கே எழுதிக் கேட்டான், அவரும் இரங்கித்தான் புரட்சிக்காரர்களின் சபையான காங்கிரசுக்கு அனுப்பினார், காங்கிரஸ் மறுத்துவிட்டது, அவளும் போய்விட்டாள். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வில்லியம் பக்கம் தப்பே இல்லை என்று சொல்லமாட்டேன், விடுதலையானதும் மன்னர் விசுவாசிகளைத் திரட்டித் தாக்குதல்களுக்கு ஏற்பாடு செய்தவன். ஆனாலும் 1784-ல் அவனே இறங்கிவந்து, பழையபடி இருப்போம் என்று அப்பாவுக்கு எழுதினான். அதற்கு முந்தைய வருஷம்தான் பாரிசில் இங்கிலாந்தோடு சமாதான உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டவர் ஃபிராங்க்ளின். மகனுக்கு மட்டும், வயதான காலத்தில் ஒரே மகன் கைவிட்டதோடு எதிராக ஆயுதமும் எடுத்ததைப் போல எதுவும் என்னை நோகடித்ததில்லை என்று பதில் போட்டார். 1785-ல் சவுத்தாம்ப்டனில் சந்தித்தார்கள், நிலமும் கடனும் கணக்குத் தீர்ந்தன, மனசு தீரவில்லை. உயிலிலும் அந்தக் கோபத்தையே எழுதிவைத்துவிட்டு 1790-ல் இறந்தார்.

நாட்டுக்கு அவர் செய்தது பெரிசு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த ஒன்றில் அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தேர்தல் முடிந்து இத்தனை மாசமாகியும் நீயும் அப்பாவும் பேசிக்கொள்வதில்லை. நீ போன் செய்தால் அவர் பக்கத்து அறையில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார், இது உனக்குத் தெரியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை போனை அவர் கையில் கொடுக்கப்போகிறேன், கட்சிப் பேச்சை எடுக்காமல் உன் வேலையைப் பற்றி ஏதாவது சொல், உடனே வைத்துவிடாதே.

அம்மா