மிஷினை இரும்புக்கடைக்கு போடாத பாப்பா

பாப்பா,

நேத்து நீ போன்ல சொன்னதுலேர்ந்து எனக்கு அதே நெனப்புதான். தையல் மிஷின் கனமா ஓடுது, மிதிக்க மிதிக்க கால் வலிக்குது, துணிக்கு அடியில நூல் கொசகொசன்னு சுருண்டு வருது, இதை பழைய இரும்புக்கு போட்டுட்டு ஆன்லைன்ல புதுசா ஒண்ணு வாங்கிடட்டுமான்னு கேட்ட. போன்ல பதில் சொன்னா நீ பாதி கேப்ப, பாதி பிள்ளை பின்னாடி ஓடுவ, அதான் உக்காந்து எழுதுறேன், பக்கத்துல வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா செய். அந்த மிஷினுக்கு ஒண்ணும் ஆகல. தலை முழுக்க இரும்பு, உடைஞ்சு போற பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒண்ணு கூட உள்ள கெடையாது. சுத்தம் பண்ணி எண்ணெய் விட்டா ஓடும், அவ்வளவுதான் அது கேக்குது.

நடுவுல நீ தேங்காயெண்ணெய் ரெண்டு சொட்டு விட்டேன்னு சொன்னியே, எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்கு கீழ போனாலே உறைய ஆரம்பிச்சிடும், தென்காசியிலயே மார்கழி காலையில பாட்டிலை வெயில்ல வச்சுதான எடுக்கிறோம், டெல்லி குளிருக்கு கேக்கணுமா. அந்த இடுக்கு எல்லாத்துலயும் மெழுகு மாதிரி உக்காந்திருக்கும். தேங்காயெண்ணெய்னு இல்ல, சமையக்கட்டு எண்ணெய் எதுவுமே மிஷினுக்கு ஆகாது, நாள்பட நாள்பட பிசினாகி பஞ்சையும் தூசியையும் பிடிச்சு வச்சுக்கும். கதவு கீச்சுன்னா அடிக்கிறாங்களே அந்த ஸ்ப்ரேயும் வேண்டாம், அது துருவை எளக்கும், ஆனா எண்ணெயா நின்னு வேலை பாக்காது. தண்ணி மாதிரி தெளிவா இருக்கிற தையல் மிஷின் எண்ணெய்னு கேட்டு வாங்கு, விலையும் பெருசா இருக்காது.

இப்ப உறைஞ்சு கெடக்குறதை எடுக்கணும். நம்ம ஊர்ல மண்ணெண்ணெய் விட்டு ஓட்டுவாங்க, உங்க ஊர்ல அது கெடைக்கிறது கஷ்டம், அதனால உன் ஹேர் டிரையரை எடுத்து மிஷினோட தலைப்பகுதியை நல்லா சூடு காட்டு, அப்புறம் மிஷின் எண்ணெயை ஒவ்வொரு ஓட்டையிலயும் கொஞ்சம் தாராளமாவே விட்டு, நூலும் போடாம, துணியும் வைக்காம, துணியை அமுக்கிப் பிடிக்கிற ஃபுட்டை தூக்கி வச்சுட்டு வீலை கையால சுத்து. எடுத்த எடுப்புல வராது, பலவந்தம் பண்ணாத, விட்டுட்டு வேற வேலை பாத்துட்டு வந்து திரும்ப சுத்து. பழுப்பா அழுக்கு எண்ணெய் கீழ வழியும், அதை பழைய காட்டன் துணியில தொடைச்சு எடு. தெளிஞ்ச எண்ணெய் வர்ற வரைக்கும் இதேதான் வேலை.

பெல்ட்டை கழட்டிட்டு மிஷினை பின்பக்கமா மடக்கி அடிப்பக்கத்தையும் பாரு, இரும்பும் இரும்பும் உரசுற எடம் எங்கெல்லாம் இருக்கோ அங்க ஒவ்வொரு சொட்டு. இடது பக்கத் தகட்டை கழட்டினா ஊசிக்கம்பி மேலயும் கீழயும் போறது தெரியும், அங்கயும் ஒரு சொட்டு. பெடல் கம்பி சேர்ற மூட்டுல எண்ணெய் விட எல்லாரும் மறந்துடுவாங்க, கால் வலிக்கிறதுல பாதி அங்கதான் இருக்கும். ஆனா பெல்ட் மேல எண்ணெய் படவே கூடாது, வழுக்கும். நூல் போற டென்ஷன் தட்டுக்கு நடுவுலயும் கூடாது, அப்புறம் நூல்ல ஏறி துணியில கறையாகும்.

அடுத்தது ஊசிக்கு அடியில துணியை நகத்துற பல்லு. இதை நீ பொறுமையா பாக்கணும். ஊசியை கழட்டு, ஃபுட்டை கழட்டு, பல்லுக்கு மேல மூடியிருக்கிற பிளேட்டோட ரெண்டு திருகையும் எடுத்து ஒரு கிண்ணத்துல போடு (கீழ வச்சா உன் பிள்ளை வாயில போட்டுக்குவான்). பிளேட்டை தூக்கினா பல்லு வரிசைக்கு நடுவுல சாம்பல் கலர்ல ஒண்ணு உக்காந்திருக்கும், தொட்டுப் பாத்தா கம்பளித் துணி வெட்டி வச்ச மாதிரி கெட்டியா இருக்கும். அதெல்லாம் நூல்லயும் துணியிலயும் உதிர்ந்த பஞ்சு, எண்ணெய் குடிச்சு குடிச்சு இறுகிப் போனது. அது இருக்கிற வரைக்கும் பல்லு முழுசா மேல வராது, துணியை ஒழுங்கா நகத்தாது, அப்புறம் நீ துணியை கையால இழுப்ப, ஊசி வளையும். ஒரு ஊசி முனையால நெம்பி எடு, பழைய டூத்பிரஷ்ஷால தேச்சு விடு. வாயால ஊதாத, எச்சில் ஈரம் பட்டு துரு பிடிக்கும், ஊதின பஞ்சும் இன்னும் உள்ளதான் போகும்.

அப்படியே கீழ, அடிநூல் சுத்தின பாபின் உக்கார்ற பாபின் கேஸை எடு. ரெண்டு பக்கமும் இருக்கிற கொக்கியை விலக்கினா வளையம் கழண்டு வரும், உள்ள பிறை மாதிரி ஷட்டில் இருக்கும், அதையும் எடுத்துடலாம், பயப்படாத. நூல் துண்டு ஒண்ணு சுத்திக்கிட்டு இருந்தாலும் மிஷின் கடகடங்கும். தொடைச்சிட்டு, ஷட்டில் சுத்துற ஓடுபாதையில ஒரே ஒரு சொட்டு எண்ணெய். மாட்டுறதுக்கு முன்னாடி போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோ, குழம்பாம மாட்டலாம்.

அடியில நூல் சுருளுதுன்னு பாபின் கேஸ் திருகை முறுக்கிட்டு இருக்காத, அது அனேகமா மேல் நூலோட தப்பு. ஃபுட்டை எறக்கி வச்சுக்கிட்டே நூல் கோத்தா டென்ஷன் தட்டு இறுகி இருக்கும், நூல் உள்ள போய் உக்காராம மேலயே நழுவிட்டு நிக்கும். ஃபுட்டை தூக்கிட்டுதான் நூல் கோக்கணும். கோத்துட்டு பாபின் கேஸை நூலால தூக்கிப் பிடிச்சு ஒரு சுண்டு சுண்டிப் பாரு, லேசா எறங்கி நின்னா சரியா இருக்குன்னு அர்த்தம், சர்ருன்னு கீழ போனா லூஸ், எறங்கவே இல்லன்னா டைட்.

ஊசியை மாத்தவே மாட்டேங்குற நீ. உடையணும்னு காத்துட்டு இருக்காத, முனை மழுங்கினாலே டொப் டொப்னு சத்தம் வரும், பட்டு ஜாக்கெட்ல இழை இழுக்கும், தையல் விட்டு விட்டு விழும். மெல்லிசு துணிக்கு 11, சாதா காட்டனுக்கு 14, ஜீன்ஸ் மடிக்க 16. ஊசியில நீளமா காடி இருக்கிற பக்கத்துலேர்ந்துதான் நூல் கோக்கணும், தட்டையான பக்கம் அதுக்கு எதிர்ப்பக்கம், ஊசியை மேல முட்டுற வரைக்கும் ஏத்தி திருகை இறுக்கு. வளைஞ்ச ஊசியோட ஓட்டினா பிளேட் ஓட்டையில இடிச்சு சின்னதா பிசிறு விழும், அப்புறம் எந்த நல்ல நூலும் அங்க அறுந்துட்டே இருக்கும், வெரலால தடவிப் பாரு, சொரசொரன்னு இருந்தா பிளேட்டை மாத்து. பாபின் வாங்கப் போனா பழசை கையில கொண்டு போ, பாக்க எல்லாம் ஒண்ணு போலவே இருக்கும், கொஞ்சம் ஒசரம் கூடினாலும் கேஸ்குள்ள சிக்கும்.

ஆயுத பூஜைக்கு தொடைச்சு பொட்டு வைக்கிறது நல்லதுதான், ஆனா வருஷத்துக்கு ஒரு நாள் போதாது பாப்பா. குங்குமத்தை எண்ணெய் ஓட்டை பக்கத்துல வைக்காத, பொடி உள்ள போனா அறுக்கும், பக்கவாட்டுல வை. ரெண்டு மூணு ஜாக்கெட் தச்சு முடிச்சா பிரஷ் போட்டுடு, ரொம்ப நாள் தைக்கலன்னாலும் அப்பப்ப எண்ணெய் விட்டு ஓட்டி வை, சும்மா கெடக்கிற மிஷின்தான் சீக்கிரம் இறுகும். டெல்லி தூசிக்கு மேல மூடாம வைக்கவே வைக்காத.

எல்லாம் மாட்டி முடிச்சதும் நேரா நல்ல துணியில போயிடாத, பழைய வேட்டித் துண்டுல தச்சுக்கிட்டே இரு, எண்ணெய் கறை வர்றது நிக்கிற வரைக்கும். அந்த துண்டை போட்டோ எடுத்து ரெண்டு பக்கமும் எனக்கு வாட்ஸ்அப்ல போடு, தையலைப் பாத்தா எது சரியில்லைன்னு நான் சொல்லிடுவேன். 14 நம்பர் ஊசியும் தோல் பெல்ட்டும் வாங்கி வச்சிருக்கேன், மாப்பிள்ளை தீபாவளிக்கு வரும்போது கொடுத்து விடுறேன்.

அம்மா