சுவர் கொடுத்த ஓவியப் பேராசிரியர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கறுப்பின ஓவியர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை வரவேற்கிறோம். எந்த ஓவியம் ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்று விரிவாக எழுதியவர்கள், அந்த ஓவியர்களை உருவாக்கிய ஆசிரியர்களுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம். அருங்காட்சியக வாசலிலேயே கறுப்பர்கள் நிறுத்தப்பட்ட காலத்தில் அவர்களுக்கான கலைக்கல்வியைத் தாங்கிப் பிடித்தவர்கள் கறுப்பினக் கல்லூரிகளின் ஓவியப் பேராசிரியர்கள்தான். அவர்களில் ஜான் பிகர்ஸ் கையாண்ட முறை இன்றைய ஓவிய வகுப்புக்கும் அப்படியே பயன்படும் என்பதால் இந்தக் கடிதம்.

வட கரோலினாவின் கேஸ்டோனியாவில் 1924-இல் பிறந்த பிகர்ஸ், குழாய் வேலை கற்கத்தான் 1941-இல் வர்ஜீனியாவிலிருந்த ஹாம்ப்டன் என்ற கறுப்பினக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஓவியம் கற்பித்தவர் விக்டர் லோவன்ஃபெல்ட். நாஜிகளிடமிருந்து தப்பி ஆஸ்திரியாவிலிருந்து வந்த யூதர். ஐரோப்பியப் படங்களைப் பார்த்து வரையச் சொல்லாமல், வீட்டிலும் தெருவிலும் கண்டதை வரையச் சொன்னார். கல்லூரி அருங்காட்சியகத்தில் இருந்த ஆப்பிரிக்கச் சிற்பங்களை மாணவர்களுக்கு எடுத்துக் காட்டினார். 1943-இல் கறுப்பின ஓவியர் சார்லஸ் ஒயிட் அதே வளாகத்தில் ஒரு பெரிய சுவரோவியம் தீட்டியபோது பிகர்ஸ் கூடமாட வேலை செய்தார். சுவரில் எப்படி வேலை செய்வது என்பதை அவர் பக்கத்தில் நின்று கற்றது அப்போதுதான்.

1949-இல் டெக்ஸஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் புதிதாகத் தொடங்கியிருந்த பல்கலைக்கழகத்தில் ஓவியத் துறையை நிறுவ பிகர்ஸ் அழைக்கப்பட்டார். அந்தப் பல்கலைக்கழகம் வந்த காரணத்தையும் சொல்ல வேண்டும். ஹெமன் ஸ்வெட் என்ற கறுப்பினத்தவர் 1946-இல் டெக்ஸஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் இடம் கேட்டார். அவரைச் சேர்த்துக்கொள்ள மனமில்லாத மாநில அரசு, 1947-இல் கறுப்பர்களுக்கென்று தனியாக ஒரு பல்கலைக்கழகத்தை ஏற்படுத்தியது. இன்று அதன் பெயர் டெக்ஸஸ் சதர்ன் பல்கலைக்கழகம். ஒதுக்கி வைப்பதற்காகக் கட்டிய இடத்தில், 1983 வரை இருந்து, ஓவிய ஆசிரியர்களின் தலைமுறைகளையே பிகர்ஸ் உருவாக்கினார். சிற்பமும் மட்பாண்டக் கலையும் கற்பித்த கரோல் சிம்ஸ் 1950 முதல் அவருடன் இருந்தார்.

அதே 1950-இல் பிகர்ஸின் ‘தொட்டில்’ என்ற ஓவியத்துக்கு ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் போட்டியில் பரிசு கிடைத்தது. ஆனால் கறுப்பர்கள் உள்ளே வர வாரத்தில் வியாழக்கிழமை மட்டுமே அனுமதி. பரிசளிப்பு விருந்தோ வேறொரு நாளில். பரிசு பெற்ற ஓவியரே விருந்துக்குப் போக முடியவில்லை. அதனால்தான் அவருடைய முறையில் எங்களுக்கு முக்கியமாகப் படுவது சுவர். ஓவியத் துறை மாணவர் ஒவ்வொருவரும் இறுதியாண்டில் வளாகத்தின் ஹன்னா கட்டடத்து நடைவழிச் சுவரில் ஒரு சுவரோவியம் முடித்தாக வேண்டும் என்று விதி வைத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் அங்கே வரையப்பட்டன. காட்சிக்கூடம் அழைக்கும்வரை காத்திராமல், தினமும் நூற்றுக்கணக்கானோர் நடக்கும் இடத்தையே மாணவருக்குக் கொடுத்தார். கலைக்கல்வியில் இனச் சமத்துவம் என்றால் சேர்க்கையில் இத்தனை இடம் என்ற கணக்கோடு முடிந்துவிடாது. யார் படம் எந்தச் சுவரில் நிற்கிறது என்பதும் அதில் அடக்கம்.

இதைப் பள்ளியில் செய்ய விரும்புவோருக்குச் சில குறிப்புகள். முதலில் 12 அங்குலத்துக்கு 6 அங்குலம் தாளில் படத்தை முடித்து, அங்குலத்துக்கு ஒரு கோடாகக் கட்டம் போட வேண்டும். 12 அடிக்கு 6 அடிச் சுவரில் ஓர் அடிக்கு ஒரு கட்டம், மொத்தம் 72. கொத்தனார் நூல் அடிப்பதுபோல் சாக்பீஸ் தூள் தடவிய நூலை இழுத்துத் தட்டினால் கோடு நேராக விழும். கட்டங்களுக்கு எண் போடாமல் பலர் ஒரே நேரத்தில் வரைந்தால் ஒருவர் வரைந்த தோள் அடுத்தவர் வரைந்த கழுத்தோடு சேராது. முகமும் கையும் வரும் கட்டங்களை ஒருவரே வரைவது நல்லது.

ஓவியம் கெடுவது பெரும்பாலும் சுவரால்தான். புதிய சிமெண்ட் பூச்சு குறைந்தது 28 நாள் காய வேண்டும். ஓர் அடி சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர் முத்துக் கட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரச் சுவரில் வண்ணம் பூசினால் உப்பு பூத்து, வண்ணத்தை உள்ளிருந்து தள்ளிவிடும். பழைய சுண்ணாம்பு வெள்ளையின் மேல் நேரடியாக அக்ரிலிக் பூசுவது இன்னொரு தவறு. வண்ணம் சுண்ணாம்பைத்தான் பிடித்திருக்கும், சுண்ணாம்பு சுவரைப் பிடித்திராது. இரண்டும் சேர்ந்து செதிலாக உதிரும். முழுவதும் சுரண்டி, கழுவி, காயவிட்டு, பிரைமர் (அடிப்பூச்சு) அடித்த பிறகே தொடங்க வேண்டும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம்வரை படம் வேண்டாம். ஈரம் ஏறுவதும் துடைப்பம் படுவதும் அங்கேதான்.

அடுத்தது தோலின் நிறம். அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் இளஞ்சிவப்பு கலந்த ஒரு மஞ்சளுக்கு ‘சதை நிறம்’ என்று பெயர் வைத்திருந்தது. 1962-இல் அதை ‘பீச்’ என்று மாற்றியது. நம் பிள்ளைகள் இன்றும் அதே கிரேயானை ‘ஸ்கின் கலர்’ என்று கேட்டு வாங்கி, தங்களைத் தாங்களே அந்த நிறத்தில் தீட்டுகிறார்கள். மனதை மிகவும் வருத்தும் காட்சி இது. கருமையான தோலுக்குக் கறுப்பு வண்ணத்தை எடுத்தால் முகம் உயிரற்றுப் போகும். வெளுப்பாக்க வெள்ளையைக் கலந்தால் சாம்பல் பூத்ததுபோல் ஆகும். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு இரண்டு பங்கு, அல்ட்ராமரைன் என்ற அடர் நீலம் ஒரு பங்கு என்று தொடங்குங்கள். நீலம் கூடினால் நிழல், சியன்னா கூடினால் கன்னத்தின் சூடு. ஒளிபடும் நெற்றிக்கும் மூக்குத் தண்டுக்கும் மஞ்சள் காவியோடு துளி வெள்ளை. வெட்டவெளி வெளிச்சமானால் துளி வான நீலமும் சேரும். பென்சில் படமானால் வெள்ளைத் தாளே வேண்டாம். வெள்ளைத் தாளில் மாணவர் தாளையே தோலாக விட்டுவிட்டு ஓரக்கோட்டை மட்டும் கருப்பாக்குவார். பழுப்புக் காகிதத்தில் கறுப்புச் சாக்பீஸும் வெள்ளைச் சாக்பீஸும் கொண்டு வரைந்தால் இந்தப் பழக்கம் தானாகவே போகும்.

வரைந்தபின் காப்பதும் ஆசிரியர் வேலையே. பிகர்ஸ் 1953-இல் ஹூஸ்டனில் கறுப்பினப் பெண்கள் சங்கத்தின் புளூ டிரையாங்கிள் கட்டடத்தில் கறுப்பினப் பெண்களின் பங்களிப்பைச் சுவரோவியமாகத் தீட்டினார். அதுவே பின்னர் அவருடைய முனைவர் பட்ட ஆய்வுக்கு அடிப்படையானது. 2017-இல் ஹார்வி புயலில் கூரை சேதமாகி ஈரம் இறங்கியதில் அந்த ஓவியத்தில் பூஞ்சை படர்ந்தது. ஹன்னா கட்டடத்தின் இரண்டு ஓவியங்கள் மீது 2008-இல் வண்ணமே பூசி மறைத்துவிட்டார்கள். இங்கேயும் பள்ளிச் சுவரோவியங்கள் அழிவது ஆண்டு விழாவுக்கு முந்தைய வாரத்தில், வெள்ளையடிப்பில்தான். ஆகவே கூரையின் கசிவை மழைக்கு முன்பே பார்த்து அடைக்க வேண்டும். ஒவ்வொரு கட்டமாகப் புகைப்படம் எடுத்து, பயன்படுத்திய வண்ணங்களின் பெயர்களோடு பள்ளிப் பதிவேட்டில் வைக்க வேண்டும். வெள்ளையடிப்பு வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது ‘ஓவியம் உள்ள சுவர் நீங்கலாக’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லித் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர்கள் சிலர்,
தஞ்சாவூர்.