"நேற்று என்ன செய்தீர்கள்?"

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. புது வேலையைப் பற்றி உன்னிடம் நிதானமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் பதிலைத் தள்ளிப்போட்டேன். நாள்பட்ட வலியோடு வாழ்கிறவர்களைச் சந்தித்து, அவர்கள் அனுபவத்தை அவர்கள் சொல்லிலேயே பதிவு செய்யும் ஆய்வு இது. இதுவரை 11 பேரிடம் பேசியிருக்கிறேன்.

தொடங்கியபோது என் முதல் கேள்வி எல்லோரும் கேட்பதுதான்: 0 முதல் 10 வரை உங்கள் வலிக்கு எத்தனை? இரண்டாவது ஆள் "ஏழு" என்றார். எந்த ஏழு? படுக்கையிலிருந்து எழும்போதா, கொஞ்ச நேரம் நின்ற பிறகா, இல்லை ஏழுக்குக் குறைத்துச் சொன்னால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள் என்று பழகிப்போன ஏழா? அந்தக் கேள்வியை எடுத்துவிட்டேன். இப்போது "நேற்று என்ன செய்தீர்கள்?" என்றுதான் ஆரம்பிக்கிறேன். அதற்கு எண் வருவதில்லை, ஒரு நாள் முழுதும் வருகிறது. தலைமுடி அலசும் நாளில் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதவர். போகிற இடத்தில் எத்தனை படி என்று முன்கூட்டியே விசாரித்து வைப்பவர். ஓடி வரும் பிள்ளையைத் தூக்க முடியாது என்பதால், அது வருவதற்குள் உட்கார்ந்துவிடும் ஓர் அம்மா.

சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், உனக்குப் பிடிக்கும். 1975இல் உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக் வெளியிட்ட மெக்கில் வலி வினாத்தாளில், வலியை விவரிக்கும் 78 சொற்கள் 20 குழுக்களாக இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு நம் சொற்களை எழுத ஆரம்பித்தேன். குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், பிடிப்பு, விண்விண்ணென்று தெறிப்பது, சுருக்கென்று இழுப்பது. யாரும் இவற்றை மாற்றிச் சொல்வதில்லை. குடைச்சலை நான் கடுப்பு என்று எழுதிவிட்டேன், ஒருவர் உடனே திருத்தினார். அப்புறம் உளைச்சல். காலுக்கும் அதே சொல், மனதுக்கும் அதே சொல். வலி என்பது உடலின் உணர்வு மட்டுமல்ல, மனதின் அனுபவமும்தான் என்று வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் தன் வரையறையில் சொல்கிறது. அந்த ஒரு சொல்லில் அது முன்பே இருக்கிறது.

அதே சங்கம் 2020இல் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்றால் அதை மதிக்க வேண்டும் என்று குறிப்பும் சேர்த்தது. இதை எழுதித்தான் வைக்க வேண்டுமா என்று முன்பு நினைத்திருப்பேன். இப்போது நினைப்பதில்லை. நான் கேட்பதற்கு முன்பே ஸ்கேன் படங்களையும் மருந்துச் சீட்டுகளையும் எடுத்து மேசையில் பரப்புகிறார்கள். நான் மருத்துவர் இல்லை என்று சொன்னாலும் பரப்புகிறார்கள். காயம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலமே கூர்மைப்பட்டு, சாதாரணத் தொடுதலையும் வலியாக உணர்த்தலாம். ஸ்கேனில் ஒன்றும் தெரியாததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் "ஒன்றுமில்லை" என்ற சொல்லைக் கேட்டுக்கேட்டு, சிரித்தால் நம்ப மாட்டார்கள், அழுதால் மனசுதான் காரணம் என்பார்கள் என்று முகத்தைக்கூட அளந்து வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள்.

இன்னொன்று எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. என்னைச் சந்திக்க அவர்கள் இரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டு வருகிறார்கள். பேசிவிட்டுப் போய் இரண்டு நாள் படுக்கிறார்கள். அப்படியென்றால் நான் பார்ப்பதெல்லாம் அவர்களுடைய நல்ல நாள் மட்டும்தான். அதனால் ஒரு மணி நேரப் பேட்டியை 20 நிமிடத் துண்டுகளாகப் பிரித்தேன். படுத்துக்கொண்டே தொலைபேசியில் பேசலாம், முடியாத நாளில் காரணம் சொல்லாமலே தள்ளிவைக்கலாம் என்றும் சொல்லிவிட்டேன். தள்ளிவைத்த நாட்களையும் குறித்துக்கொள்கிறேன். அவையும் தரவுதான்.

சரி, இதையெல்லாம் எழுதும்போது உன் ஞாபகம்தான். படிக்கிற காலத்தில் எத்தனை முறை கடைசி நேரத்தில் "இடுப்பு முடியலை, வரலை" என்றிருக்கிறாய்! நேற்று நன்றாகத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குக் கோபம் வரும். ஒருமுறை உன்னிடம் ஒரு வாரம் பேசாமலே இருந்தேன். அந்த நேற்றுக்காகத்தான் நீ மறுநாள் படுத்திருந்தாய் என்பது எனக்குத் தெரியவில்லை, நானும் கேட்கவில்லை. மன்னித்துவிடு.

இத்துடன் என் புதிய கேள்விகளை அனுப்பியிருக்கிறேன். உன்னை ஆய்வில் சேர்ப்பதற்காக இல்லை. எந்தக் கேள்வி உறுத்துகிறது, எது விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்துச் சொல். உட்கார்ந்து எழுதச் சிரமமாக இருந்தால் குரல் பதிவாக அனுப்பு. எவ்வளவு நீளமாக இருந்தாலும் கேட்பேன்.

அன்புடன்,
உன் தோழி