அம்மாவைச் சாட்சிக் கூண்டில் தனியாக விடாதவர்களுக்கு

அன்புள்ள அரசு வழக்கறிஞர் அம்மாவுக்கும், உங்கள் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும், கோர்ட் டூட்டி பார்த்த ஏட்டய்யாவுக்கும் வணக்கம்.

பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் சொன்னதால் யார் பெயரையும் போடவில்லை. மேல்முறையீடு இருப்பதால் எங்கள் பெயரையும் ஊரையும்கூட விட்டுவிட்டேன். ஆனால் நன்றியை உங்களிடம் மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை. அரசு வக்கீல் என்றால் போலீஸ் கொடுத்த கேஸ் கட்டைப் படித்து வாதாடுகிறவர் என்றுதான் எங்கள் கொங்குப் பக்கத்துக் கிராமங்களில் பலரும் நினைத்திருக்கிறார்கள். அடிபட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் அவர் எவ்வளவு துணையாக இருக்க முடியும் என்பது நாலு பேருக்குத் தெரியட்டும்.

நடந்தது இவ்வளவுதான். 2021-இல் ஓர் இரவு, தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த என் அம்மாவை அடித்துப் போட்டுவிட்டு, கழுத்திலிருந்த ஐந்து பவுன் சங்கிலியைப் பறித்துக்கொண்டு போனார்கள். வந்தது இரண்டு பேர். ஒருவன் எங்கள் தோட்டத்திலேயே வேலை பார்த்தவன். அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் வயது. மணிக்கட்டு முறிந்தது, ஒரு காது இன்றைக்கும் சரியாகக் கேட்பதில்லை. போலீஸார் ஆளைப் பிடித்தார்கள், சங்கிலியும் கிடைத்தது. இனி கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டோம்.

சங்கிலி கிடைத்ததே தவிர, கைக்கு வரவில்லை. வழக்கின் சான்றுப் பொருள், கேஸ் முடிகிறவரை கோர்ட்டில்தான் இருக்கும் என்றார்கள். அப்பா கரும்பு நல்ல விலைக்குப் போன வருஷம் வாங்கிக் கொடுத்தது அது. அம்மா அதை நினைத்து நினைத்தே உடைந்து போனார். உங்கள் அலுவலகத்தில்தான் எங்களுக்கு வழி சொன்னார்கள். புகைப்படம் எடுத்து, விவரமாகப் பட்டியல் எழுதி, கேட்கும்போது கொண்டுவருவதாகப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் உரியவரிடம் ஒப்படைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லியிருக்கிறதாம். மனுப் போட எங்களிடம் வக்கீல் இல்லை. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு என்று சொல்லி, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பினீர்கள். மனு வந்த அன்று அரசுத் தரப்பில் ஆட்சேபணை இல்லை என்று எழுந்து சொன்னதும் நீங்கள்தான். சங்கிலி வீடு வந்த அன்றைக்குத்தான் அம்மா வயிறாரச் சாப்பிட்டார்.

சாட்சி சம்மன் வந்தபோது வேறு மாதிரியான பயம் வந்தது. சாயங்காலம் இரண்டு பேர் பைக்கில் வந்து, திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். “வயசான காலத்துல எதுக்குங்மா கோர்ட்டு கேஸுன்னு அலையறீங்க. நகைதான் வந்துருச்சில்ல” என்றார்கள். குரலை உயர்த்தவில்லை, மிரட்டவும் இல்லை. போகும்போது தோட்டத்து கேட்டுக்குப் பூட்டு இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள். அம்மா அன்றிரவு தூங்கவில்லை. நானும்தான்.

இதைப் போய் யாரிடம் சொல்வது, சொன்னால் நம்புவார்களா என்று தயங்கித்தான் உங்களிடம் வந்தேன். நீங்கள் ஒரு வார்த்தைகூட “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது” என்று சொல்லவில்லை. வந்தவர்கள் பேசியதை அப்படியே எழுதச் சொன்னீர்கள். சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று இருப்பதையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டோம். 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு, நாடு முழுவதும் சட்டம்போல நடைமுறைப்படுத்தச் சொன்ன திட்டம். மாவட்ட நீதிபதி தலைமையில் ஒரு குழு; மாவட்டக் காவல் தலைவரும் அரசு வழக்கு நடத்தும் துறையின் தலைவரும் அதில் இருப்பார்கள். மனுவைக் கொடுத்தால், மிரட்டல் எவ்வளவு தீவிரமானது என்று டிஎஸ்பி விசாரித்து அறிக்கை தர வேண்டும். உயிருக்கு ஆபத்து, உடைமைக்கோ பெயருக்கோ ஆபத்து, தொந்தரவு என்று மூன்று வகை உண்டு. எங்களுடையது மூன்றாவது வகைதான். அதற்கே ராத்திரி ரோந்துப் போலீஸ் தோட்டம் வரைக்கும் வர ஆரம்பித்தது. சாட்சி சொல்லும் நாளில் வீட்டிலிருந்து கோர்ட் வரை ஒரு பெண் காவலர் கூடவே வந்தார். அந்தப் பைக்காரர்கள் அப்புறம் எங்கள் பக்கம் தலைகாட்டவில்லை.

கோர்ட் வராந்தாவில் சாட்சிகளும், ஜாமீனில் வந்த எதிரிகளும், அவர்கள் சொந்தக்காரர்களும் ஒரே பெஞ்சில் காத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அம்மாவை நீங்கள் அங்கே நிறுத்தவே இல்லை. பக்கவாட்டுப் படி வழியாக உங்கள் அறைக்குக் கூட்டிப்போய், மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தீர்கள். நானும் ஒரு சாட்சி என்பதால் என்னை வெளியே அனுப்பிவிட்டு, போலீஸில் அம்மா சொன்ன வாக்குமூலத்தை, நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்து, மெதுவாகப் படித்துக் காட்டியிருக்கிறீர்கள். பிறகு அம்மா என்னிடம் சொன்னது: “அந்த அம்மிணி இப்படிச் சொல்லு அப்படிச் சொல்லுன்னு ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலை. தெரிஞ்சதைச் சொல்லுங்க, மறந்துட்டா மறந்துட்டேன்னு சொல்லுங்க, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. அவ்வளவுதான் சொல்லுச்சு.”

நான் மிகவும் மதிப்பது இதைத்தான். முதல் சந்திப்பிலேயே “நான் உங்க வக்கீல் இல்லைம்மா, அரசாங்கத்தோட வக்கீல்” என்று நீங்கள் சொன்னபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. பிறகுதான் புரிந்தது. எங்களிடம் பீஸ் வாங்காத, எங்களுக்காகப் பொய் சொல்ல மாட்டாத ஒருவர் பக்கத்தில் இருந்ததால்தான் அம்மா பயமில்லாமல் உண்மையைச் சொல்ல முடிந்தது. யாரும் சொல்லிக்கொடுத்த வார்த்தை ஒன்றும் அதில் இல்லை, அதனால் மறந்துபோகவும் ஒன்றும் இல்லை.

அன்று எதிர்த்தரப்பில் வாய்தா கேட்டார்கள். சாட்சி வந்து நிற்கும்போது தகுந்த காரணம் இல்லாமல் தள்ளி வைக்கக் கூடாது என்பது சட்டம். அரசுத் தரப்பு கேட்கும் முதல் விசாரணைக்கும் எதிர்த்தரப்பு கேட்கும் குறுக்கு விசாரணைக்கும் நடுவில் நீண்ட இடைவெளி விடுவதை உச்ச நீதிமன்றம் 2015-இல் கண்டித்திருப்பதையும் எடுத்துச் சொல்லி, அன்றே இரண்டையும் முடிக்க வைத்தீர்கள். இல்லாவிட்டால் அம்மா இன்னொரு முறை அந்த இரவை நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். கூண்டில் நாற்காலி போடச் சொன்னதும், கேள்விகளை உரக்கக் கேட்கும்படி நீதிபதியிடம் வேண்டிக்கொண்டதும் சின்ன விஷயம் இல்லை. கேள்வி காதில் சரியாக விழாமல் “ஆமாங்” என்று தலையாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

குறுக்கு விசாரணையை நான் நேரில் கேட்கவில்லை, சாட்சியத்தின் நகலில் படித்தேன். கண்ணாடி போட்டிருந்தீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். “தூங்கறப்ப யாருங்க கண்ணாடி போடுவாங்க” என்றிருக்கிறார் அம்மா. கண்ணாடி இல்லாமல் எப்படி அடையாளம் தெரிந்தது என்று விடாமல் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் முடித்த பிறகு அரசுத் தரப்பு திரும்பக் கேட்கும் மறு விசாரணையில் நீங்கள் ஒன்றிரண்டு கேள்விதான் கேட்டீர்கள்: எவ்வளவு பக்கத்தில் இருந்தான், எத்தனை வருஷமாகத் தெரியும். ஒரு முழம்கூட இல்லை, சின்னப் பையனாக வந்ததிலிருந்து என் கையால் சோறு தின்றவன், குரல் போதாதா என்று அம்மா சொன்னது தீர்ப்பிலும் எடுத்து எழுதப்பட்டிருக்கிறது.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் போலீஸில் சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சி ஆனபோது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நீங்கள் கோபப்படவில்லை. நீதிபதியின் அனுமதியோடு அவரைக் குறுக்கு விசாரணை செய்து, சம்பவம் நடந்த இரவு அந்த நேரத்தில் பைக் போனதைப் பார்த்தேன் என்ற அளவுக்காவது அவர் வாயிலிருந்து வர வைத்தீர்கள். பிறழ் சாட்சியாகிவிட்டாலும் சொன்னது மொத்தமும் வீணாவதில்லை, நம்பத்தக்க பகுதியைக் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு விளக்கினீர்கள். “அவரும் அதே ரோட்டுலதாம்மா குடியிருக்கணும்” என்றும் சொன்னீர்கள். அதை ஏற்றுக்கொள்ள எனக்கு நாளாயிற்று.

ஏட்டய்யாவுக்குத் தனியாக நன்றி. கேஸ் இன்றைக்கு எடுக்கப்படாது என்று தெரிந்தால் காலை ஏழு மணிக்கே போன் வரும். அந்தப் போனால் அம்மாவுக்கு எத்தனை பஸ் பயணம் மிச்சம்! சாட்சிக்கான படியை அன்றைக்கே வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். கை சிகிச்சைச் செலவுக்கு இழப்பீடு கிடைக்க விண்ணப்பம் எழுதிக் கொடுத்த சட்ட உதவி வக்கீலுக்கும், காயச் சான்றிதழோடு சொன்ன தேதிக்கு வந்து சாட்சி சொன்ன அரசு டாக்டருக்கும் நன்றி.

தண்டனை கிடைத்திருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு போட்டிருக்கிறார்கள். அங்கேயும் அரசு வழக்கறிஞர்தான் நடத்துவார், உங்களுக்குச் செலவில்லை, தகவல் வந்தால் என்னிடம் கொண்டு வாருங்கள் என்று தீர்ப்பு வந்த பிறகும் நீங்களே போன் செய்து சொன்னீர்கள். வருகிறோம் அம்மா.

இதைப் படிக்கிறவர்கள் யாராவது சாட்சி சம்மனைக் கையில் வைத்துக்கொண்டு பயந்து உட்கார்ந்திருந்தால், தேதிக்கு முன்னாலேயே உங்கள் நீதிமன்றத்தின் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். யாராவது மிரட்டியிருந்தால் அவர்கள் பேசியதை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

நன்றியுடன்,
அரசுத் தரப்பு முதல் சாட்சியின் மகள்