டார்ச் பிடித்த டீக்கடை அண்ணனுக்கு

அம்மா நேற்று ராத்திரி ரசம் சாதம் சாப்பிட்டார். குழையப் பிசைந்துதான் கொடுத்தோம், இருந்தாலும் சாப்பிட்டார். அம்மாவுக்கு வாயில் சீழ் வைத்த இந்த மூன்று வாரக் கதை எங்கள் எஸ்டேட்டில் தெரியாதவர் இல்லை, அதனால் மறுபடி சொல்லப் போவதில்லை.

கோயம்புத்தூரிலிருந்து வீடியோவில் பார்த்த பல் டாக்டரம்மா, அந்த இருட்டில் ஜீப் எடுத்த தம்பி (வால்பாறையிலிருந்து இறங்க 40 கொண்டை ஊசி வளைவு, நடுவில் யானை நிற்குமோ என்ற பயம் வேறு), அட்வான்ஸ் வாங்கித் தந்த சூப்பர்வைசர், கூட வந்து ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுத்த பக்கத்து வீட்டு அக்கா, எல்லோருக்கும் கும்பிடு. ஒரே வரியில் முடித்துவிட்டாள் என்று கோபிக்காதீர்கள், எனக்குச் சொல்ல வேண்டியது டீக்கடை அண்ணனைப் பற்றி.

எங்கள் லைன் வீட்டில் (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடு) சிக்னல் கிடையாது. அவர் கடை பெஞ்சில்தான் கிடைக்கும், அதுவும் இடது ஓரத்தில். அங்கே அம்மாவை உட்கார வைத்து டாக்டரைக் கூப்பிட்டால் வாய்க்குள் வெறும் இருட்டுதான் தெரிகிறது. வீடியோ வேண்டாம், போட்டோவாக எடுங்க, வெளிச்சம் பக்கத்திலிருந்து வரட்டும், ஸ்பூனின் பின்பக்கத்தால் கன்னத்தை ஒதுக்கிப் பிடிங்க, ரெண்டு பக்கமும் வேணும் என்றார். எனக்குக் கை நடுங்குகிறது, போனைப் பிடிப்பதா ஸ்பூனைப் பிடிப்பதா. சீழ் வைத்த வாய், கிட்டே போனாலே நாற்றம். பெற்ற மகள் நானே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன், பொய் சொல்லவில்லை. அண்ணன் பாய்லரை விட்டுவிட்டு வந்தார், ஒரு ஸ்பூனைக் கொதிநீரில் முக்கி ஆறவிட்டார், "அக்கா, முடிஞ்ச மட்டும் ஆ காட்டுங்க" என்று டார்ச்சோடு குனிந்தார். முகத்தைத் திருப்பவே இல்லை. வேலை விட்டு வரும் நேரம், கடை முன்னால் ஏழெட்டுப் பேர். ஒருத்தரும் டீ கேட்கவில்லை.

அந்தப் படங்களில் ஒன்றைப் பார்த்ததும் டாக்டரின் குரல் மாறியது. நாக்குக்கு அடியில் மேடாக இருக்கே, எச்சில் விழுங்க முடியுதா, மூச்சு விடக் கஷ்டமா என்று அடுக்கிக் கேட்டார். சீழை எடுக்க வேண்டும், போனில் அது நடக்காது, இப்பவே கிளம்புங்க, ஒத்தடம் கொடுக்காதீங்க என்றார். நாங்களோ கிராம்புத் தைலமும் வெந்நீர் ஒத்தடமுமாக ஞாயிறு வரை ஓட்டிவிடலாம் என்றிருந்தோம்.

இன்னொரு படத்தில், வலியே இல்லாத பக்கம், வெற்றிலை அடக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. வழித்தாலும் போகாத வெள்ளை என்றால் துளி சதை எடுத்துப் பரிசோதிக்கணுமாம். பார்த்தாயிற்று, புற்று இல்லை, ஆனால் புகையிலையை விட வேண்டும். விட்டுவிட்டேன் என்கிறார் அம்மா. பார்ப்போம்.

நன்றி சொன்னால் அண்ணன், "டார்ச்தானே அடிச்சேன்" என்கிறார். பெயர் போடக் கூடாதாம். சரி அண்ணா, போடவில்லை. ஆனால் நம் லைனில் வெற்றிலை புகையிலை போடாத அம்மாக்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். படம் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். மாதம் ஒரு ஞாயிறு உங்கள் பெஞ்சின் இடது ஓரம் எனக்கு வேண்டும். ஸ்பூன் நான் கொண்டுவருகிறேன்.