பாலம் தொய்ந்தே இருக்கட்டும்

நம் முருகன் கோயில் நிர்வாகக் குழுவில் இருக்கும் பெரியவர்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

பங்குனி உத்திரத்துக்குக் காவடி வரும் பாதை என்று சொல்லி, போன வாரம் வாய்க்கால் தொங்குபாலத்தைத் தம்பிகள் நேராக்கிவிட்டார்கள். கம்பிவடம் கரையில் காங்கிரீட் கட்டையைப் பிடிக்கிற இடத்தில் டர்ன்பக்கிள், அதாவது வடத்தை இறுக்கி இளக்கும் திருகு, இருக்கிறதே, அதற்குள் கடப்பாரையை நுழைத்து முடிந்த மட்டும் திருகியிருக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ரங்கூன் கப்பல் பட்டறையில் 30 வருஷம் வடத்தோடு மல்லுக்கட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். தொய்வு பாலத்தின் குறை இல்லை. துணிக்கொடியை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் ஈரப் புடவையைப் போட்டதும் நடுவில் தாழத்தானே செய்கிறது? கம்பிவடமும் அப்படித்தான், தாழ்ந்துதான் பாரத்தைத் தூக்கும். அதே பாரத்துக்குத் தொய்வைப் பாதியாக்கினால் வடத்தின் இழுவை ஏறத்தாழ இரண்டு மடங்காகும். 4 அடித் தொய்வை 1 அடியாக்கினால் நான்கு மடங்கு. காவடியும் மேளமும் இன்னும் ஏறவே இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், வடத்தின் நுனியை மடித்துப் பிடிக்கும் கிளிப்புகளில் பாதி தலைகீழாக இருக்கின்றன. யு வடிவக் கம்பி மடித்துவிட்ட சும்மா நுனியின் மேல் உட்கார வேண்டும். பள்ளமுள்ள இரும்புத் துண்டு பாரம் தாங்கும் பக்கம் வர வேண்டும். மாற்றி மாட்டினால் அந்தக் கம்பி பாரம் தாங்கும் வடத்தையே நசுக்கிவிடும். (நான் முதல் தடவை தப்பாக மாட்டியபோது மேஸ்திரி ஸ்பேனராலேயே விரலில் ஒன்று வைத்தார். அதற்குப் பிறகு மறக்கவில்லை.)

பர்மாவில் 1996இல் திறந்த மியாங்மியா தொங்குபாலம், 2018 ஏப்ரல் 1ஆம் தேதி லாரி போகும்போது இடிந்து 2 பேர் இறந்தார்கள். அரசாங்கம் கட்டிய பாலத்துக்கே அந்தக் கதி.

சரி, என்ன செய்யலாம்? டர்ன்பக்கிளைப் பழைய அளவுக்கு இளக்குங்கள். ஒரே பக்கமாக இளக்கிவிடாமல், இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று என்று மாறி மாறி. பிறகு, தானாகக் கழலாதபடி கம்பி போட்டுக் கட்டுங்கள். கிளிப்பை நான் வந்து மாற்றித் தருகிறேன், கூலி வேண்டாம், கூட ஒரு ஆள் நின்றால் போதும். அதுவரை பாலத்தில் யாரையும் ஏற்றாதீர்கள்.

தோரண வளைவுக்கு வாங்கிய பெயிண்டில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். திருகு எங்கே நிற்கிறது என்று ஒரு சிவப்புக் கோடு போட வேண்டும். அடுத்த வருஷம் எந்தத் தம்பி தொட்டாலும் தெரிந்துவிடும்.