ஆட்ட நாள் போக்குவரத்து குறித்து உறுப்பினர்களுக்கு

சேப்பாக்கம், திருவல்லிக்கேணி குடியிருப்போர் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். வரும் சனிக்கிழமை இரவு சேப்பாக்கம் மைதானத்தில் கிரிக்கெட் ஆட்டம் இருப்பதால், மாலை 4 மணிக்கு முன்பே வெளிவேலைகளை முடித்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

1934இல் இங்கே முதல் டெஸ்ட் நடந்தபோது இந்த இடத்தை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இன்றோ, கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் பறக்கும் ரயில் பாதையும் வழியை அடைத்து நிற்க, சுமார் 38,000 பேர் வாலாஜா சாலை, பெல்ஸ் சாலை, பாரதி சாலை ஆகியவற்றின் வழியாகவே வந்து கலைய வேண்டியுள்ளது. மைதானத்துக்குள் இருக்கைகளை அதிகமாக்கியவர்கள் வெளியே சாலையை அகலமாக்க முடியாது என்பதை யோசித்தார்களா என்பது என் தனிப்பட்ட ஐயம்.

சென்ற ஆட்டத்தன்று, கஸ்தூரிபா காந்தி மருத்துவமனைக்குக் கர்ப்பிணி ஒருவரை ஏற்றிச் சென்ற ஆட்டோ, நம் தெருமுனையில் குறுக்கே நிறுத்தப்பட்டிருந்த இரு பைக்குகளால் நகர முடியாமல் நின்றது. மஞ்சள் சட்டைப் பையன்கள் நால்வர் அவற்றைத் தூக்கி ஓரம் வைத்த பிறகே வழி கிடைத்தது.

ஆகவே, உங்கள் வாகனங்களை உள்ளே நிறுத்தி, தெருமுனையைக் காலியாக வைத்திருங்கள். ஆட்டம் பார்க்க வரும் உறவினர்களை, சேப்பாக்கம் ரயில் நிலையத்திலோ அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்திலோ இறங்கி நடந்து வரச் சொல்லுங்கள். தெருமுனையில் தடுப்பு வைக்கக் கோரும் மனுவில் கையெழுத்திட விரும்புவோர், வெள்ளிக்கிழமை இரவுக்குள் இங்கே பெயரைப் பதிவிடவும்.